கடைக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று

கே.கே. நகர்,
மதுரை.

அன்பு மகன் ஆல்பினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் இங்கே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகள் பவதாரிணியும் அந்தக் குளிர் தேசத்தில் காய்ச்சல் சளி இல்லாமல் நலமாக இருக்க வேண்டும். தினமும்தான் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உன்னிடம் ரத்தம் குறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதியைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் அம்மா அழுதுவிடுகிறாள். "நீங்க எழுதிருங்க, அவன் உக்காந்து நிதானமாப் படிக்கட்டும்" என்று அவள்தான் சொன்னாள். நம் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப்போட்டு இன்னும் மூடவில்லை, ஆட்டோ உள்ளே வராது, மெயின் ரோடு வரை நடந்துதான் இதைக் கூரியரில் போடப் போகிறேன். பாதியில் எழுந்து எங்களுக்குப் போன் போடாமல் கடைசி வரை படி.

உன் ஸ்டீபன் மாமாவின் மூட்டுவலி மாத்திரை உனக்குத் தெரியும். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து மேலூர் ரோட்டில் ஷெட் போட்டு, மூலிகையை அரைத்து மாத்திரையாக்கி டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்தபோது நம் வீட்டில் எல்லோருக்குமே சந்தோஷம்தான். உன் அம்மாவுக்கு அவன் தம்பி மட்டும் இல்லை. அவர்கள் அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவன் அரை டிரவுசர் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா டீச்சர் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய சம்பளத்தில் அவனைப் படிக்க வைத்தாள், அவன் வேலைக்குப் போன பிறகுதான் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்தாள். அவன் கொண்டுவந்து கொடுத்த மாத்திரையை அவள் எப்படிச் சந்தேகப்படுவாள்? வலியும் உண்மையிலேயே குறைந்தது. கோயில் படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினாள். அதைப் பார்த்துவிட்டு மாமா அவளைப் போட்டோ எடுத்து, "ஓய்வுபெற்ற ஆசிரியை சூசையம்மாள் சொல்கிறார்" என்று போட்டு விளம்பர நோட்டீஸ் அடித்தான். டப்பாவுக்குள்ளும் அதே படத்தை மடித்து வைத்தான். அம்மாவுக்குக் கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் பெருமை. எனக்கும்தான்.

அப்புறம்தான் அந்த வயிற்றுவலி வந்தது. வந்தால் சுருண்டு படுத்துவிடுவாள், சாப்பாடு இறங்காது, முகம் வெளுத்துப்போனது. ஸ்கேன் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். ஒருநாள் பூசைக்குக் கிளம்பும்போது சேலையில் பின் குத்த முடியாமல் நின்றாள். வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது, தூக்கினால் நிற்கவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே பெரிய டாக்டர் ஒரு கேள்வி கேட்டார், அதுவரை யாரும் கேட்காத கேள்வி: "இங்கிலீஷ் மருந்து இல்லாம வேற என்ன சாப்பிடுறீங்க?" அம்மா தன் தம்பி செய்கிற மாத்திரை என்று பெருமையாகத்தான் சொன்னாள். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஈயம் இருக்கிறது என்று வந்தது, இருக்கக்கூடிய அளவைப் போலப் பத்து மடங்குக்கும் மேலே. அந்த ரிசல்ட் வருவதற்கு முந்தின நாள் மாமா ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் தொங்கிப்போன கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தான். போகும்போது சாத்துக்குடிப் பையோடு ஒரு புது டப்பாவையும் மேசையில் வைத்து, "விட்டுறாம சாப்பிடுக்கா, நிறுத்துனா வலி திரும்ப வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்போதும் நான் அவனைத் தப்பாக நினைக்கவில்லை ஆல்பின். எங்கேயோ சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் விளைந்த மூலிகையை யாரோ அவன் தலையில் கட்டிவிட்டார்கள், பாவம், அவனுக்கே தெரியாது என்றுதான் நினைத்தேன். ஆதாரத்தோடு சொன்னால் அவனும் விற்பதை நிறுத்துவான், அவன் பிழைப்பும் கெடாது என்று மாத்திரையைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போனேன். வீட்டில் திறந்து வைத்திருந்த டப்பாவை நீட்டியதும், லேபில் இருந்த பெண், "திறந்தது வேணாம் சார், நீங்களே கலந்ததுன்னு சொல்லிருவாங்க, சீல் ஒடைக்காதது கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டது. சீல் உடைக்காமல் என்னிடம் இருந்தது மாமா ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டுப் போன டப்பா ஒன்றுதான். அதைக் கொடுத்தேன். பொடியை அமிலத்தில் கரைத்து, மெஷினில் விட்டு, எந்த உலோகம் எவ்வளவு என்று பார்ப்பார்களாம். ஈயம் பத்து வரை இருக்கலாம் என்ற இடத்தில் எண்ணூற்றுச் சொச்சம் இருந்தது. பாதரசமும் இருந்தது. மண்ணிலிருந்து இவ்வளவு ஏறாது, யாரோ கலந்தால்தான் உண்டு என்று அந்தப் பெண்ணே சொன்னது. டப்பாவின் மேல் எழுதியிருந்ததெல்லாம் முடக்கத்தான், அமுக்கரா, சுக்கு மட்டும்தான்.

அதை எடுத்துக்கொண்டு பழங்காநத்தத்தில் மாமா வீட்டுக்குப் போனேன். அவன் பதறவில்லை. "என்ன மச்சான், எவனோ பொறாமையில ஏதோ சொல்லிருக்கான்" என்று சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த லேப் சான்றிதழைக் காட்டினான். அதில் ஈயம் இல்லவே இல்லை. நான் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாத்திரையில் இரண்டு லேபுக்கு இரண்டு முடிவு எப்படி வரும்? ஜாய்ஸ் அத்தை காபி கொண்டுவந்தாள். அவளும் முழங்கால் வலிக்காரி, உனக்குத் தெரியும். ஏதாவது பேச வேண்டுமே என்று, உனக்கு இந்த மாத்திரையால் வயிற்றில் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டேன். "அய்யோ அண்ணே, நாங்க வீட்ல யாரும் அதத் தொடுறதில்ல, இவுகதான் வேணாம்னுட்டாக" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். "மாப்ள, ஒன் பொண்டாட்டிக்கு வேணாம், எம் பொண்டாட்டிக்கு மட்டும் வேணுமா?" என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். வெறும் மூலிகைக்கு வலி சட்டென்று குறையாதாம், வாங்கினவர்கள் திரும்ப வரமாட்டார்களாம், அதற்காக எவனோ ஒருவனிடம் செந்தூரம் என்று ஒரு சிவப்புப் பொடியை வாங்கிக் கலந்திருக்கிறான். "மொதத் தடவ லேபுக்குக் குடுத்தப்ப ஃபெயிலாயிருச்சு மச்சான். அதுக்கப்பறம் லேபுக்குன்னு பொடி சேக்காமத் தனியா அரைச்சுக் குடுத்தோம். ஊருல எல்லாரும் செய்யிறதுதான்" என்றான். ஏதோ கரண்ட் பில் கட்ட மறந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னான். ஃபெயிலான அன்றைக்கே அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அக்காவுக்கு மாதாமாதம் டப்பா கொண்டுவந்தான். சாத்துக்குடியோடு வைத்துவிட்டுப் போன அன்றைக்கும் தெரியும். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் ஸ்டாப்பில் இறங்காமல் இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய்விட்டேன்.

அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "ஜாய்ஸ் ஏதாவது ஒளறிருப்பா, ஸ்டீபன் அப்படிப்பட்டவன் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மூன்றாவது நாள் பாண்டிமீனா போன் செய்தது. அம்மாவிடம் எட்டாம் வகுப்புப் படித்த பெண், இப்போது மேலூரில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறது. நான்தான் ஸ்பீக்கரில் போட்டு அம்மா பக்கத்தில் வைத்தேன். "டீச்சர், ஒங்க படத்தப் பாத்துட்டுத்தான் எங்கம்மாவுக்கு வாங்குனேன். மூட்டு வலி கொறஞ்சிருச்சு, ஆனா வயித்து வலின்னு கெடந்து துடிக்கிது. ஒண்ணுக்கு ரெண்டா குடுத்தா கேக்குமா டீச்சர்?" என்று கேட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "குடுக்காத, ஒண்ணுகூடக் குடுக்காத, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்று கத்தினாள். ஐந்து வகுப்புக்குக் கேட்கும் குரலில் அவள் பேசி எவ்வளவு நாளாயிற்று. போனை வைத்த பிறகு என்னிடம், "எம் மூஞ்சிய வச்சு வித்துருக்கான். இன்னும் எம்புட்டுப் பேரு இருக்காகளோ. கெளம்புங்க" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் அம்மாவே எல்லாவற்றையும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நடுவில் நிறுத்தி, "இந்த ஸ்டீபன் ஒங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார். தம்பி என்று சொல்வாள் என்று நினைத்தேன். "நான் வளத்த பிள்ளை சார்" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் யோசித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றார். அவள் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பிறகு அவர்களே ஷெட்டுக்குப் போய், கடைக்குக் கிளம்பத் தயாராக இருந்த பெட்டியிலிருந்தே எடுத்து, அரக்கு சீல் வைத்து அரசு லேபுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே ஈயம், அதே பாதரசம். லைசென்ஸ் போய்விட்டது, ஷெட் பூட்டிக் கிடக்கிறது, கேஸ் நடக்கிறது. பாண்டிமீனாவின் அம்மா ஒச்சாயி பெரியாஸ்பத்திரியில் இருந்து தேறி வீட்டுக்கு வந்துவிட்டது. நாங்கள் இருவரும் மேலூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அம்மா அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டாள், அந்த அம்மா பதறிப்போய், "நீங்க என்ன டீச்சர் செய்வீக" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

மாமா ஒரு தடவை வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, "நீ மட்டும் கையெழுத்துப் போடாம இருந்தா நான் சமாளிச்சிருப்பேன்க்கா, நீயே என்னைய நடுத்தெருவுல விட்டுட்ட" என்றான். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "ஆஸ்பத்திரில எங் கைய மடியில வச்சுப் பாத்தேல்லடா. பாத்துட்டுத்தானடா டப்பாவ வச்சுட்டுப் போன" என்றாள், சத்தம் போடாமல்தான் சொன்னாள். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு கோயிலிலும் அவர்களைப் பார்க்கவில்லை, வேறு பங்குக் கோயிலுக்குப் போகிறார்கள் போலிருக்கிறது. அம்மாவுக்கு ஈயம் இறங்கிக்கொண்டு வருகிறது, கை மெல்ல மெல்லத்தான் வரும் என்கிறார் டாக்டர். சமையல் இப்போது என் கையில். ரசம் மட்டும் தினமும் ஒவ்வொரு ருசியில் வருகிறது, அம்மா குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி உன் விஷயம். போன கிறிஸ்துமஸுக்கு வந்து திரும்பியபோது மாமா உன் பெட்டியில் வைத்த டப்பாக்களை நீ சாப்பிடவில்லை, அங்கே உள்ள நம் ஊர்க்காரர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்றாய். டாக்டர் சொன்ன அன்றே, காரணத்தை விளக்காமல், அந்த மாத்திரையை யாரும் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிடு என்று மட்டும் போனில் சொன்னேன், நீயும் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டுவிட்டேன் என்றாய். அது போதாது ஆல்பின். வலி குறைகிற மருந்தை ஒரு வரி மெசேஜுக்காக யாரும் நிறுத்த மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போ. மீதி டப்பாவைக் கையில் வாங்கிக்கொள், ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல். எவனோ செய்த மருந்து என்று சொல்லாதே, என் சொந்தத் தாய்மாமன் செய்தது, தெரிந்தே செய்தது என்று சொல். அவமானமாகத்தான் இருக்கும், அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. மாமாவுக்குப் போன் போட்டுச் சண்டை போடாதே, அதற்குக் கோர்ட் இருக்கிறது. பவதாரிணிக்கும் இதைப் படித்துக் காட்டு, அவளிடம் மறைக்க இதில் ஒன்றுமில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள், இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஆண்டவரும் மாதாவும் உங்கள் இருவர் தலைமேலும் கை வைத்துக் காப்பார்களாக. எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லி முடித்த பிறகு போன் பண்ணு, என்னைக் கூப்பிடாதே, அம்மாவைக் கூப்பிட்டுச் சொல். ஒரு வீடு பாக்கி இருந்தாலும் கூப்பிடாதே.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
மைக்கேல்ராஜ்