காது குத்தியபோது சிரித்தவள்

தாராவி
13-2-1944

அன்புள்ள மாப்பிள்ளை கணேசபாண்டியனுக்கு மாமன் வெயிலுமுத்து ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மகள் வடிவும் பேத்தி இசக்கியும் சுகம். பட்டாளத்தில் உங்கள் சுகத்தை எழுதவும்.

இந்த எழுத்து யாருடையது என்று நினைக்கிறீர்கள்? என்னுடையதுதான்! தோல் கிடங்கில் வேலை முடிந்ததும் சங்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்தேன். ஒரு வரி எழுதுவதற்குள் ஒரு பீடி தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை இசக்கிக்குக் காது குத்தினோம். என் மடியில்தான் உட்கார்ந்தாள். ஆசாரி இரண்டு காதும் குத்தினார். பிள்ளை அழவில்லை. அவர் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். "பட்டாளத்தான் மவ பின்னே அழுவாளாக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள். எனக்கு ஒரே பெருமை. வடிவு மட்டும் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகிறாள்.

இனிமேல் கைநாட்டு வைக்காத
வெயிலுமுத்து


முகாம்
2-3-1944

மாமாவுக்கு வணக்கம். உங்கள் கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கூட இருப்பவர்களிடமெல்லாம் காட்டினேன்.

ஆனால் காது குத்திய சேதியைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. எனக்கு அண்ணன் ஒருவன் இருந்தான். நீங்கள் பம்பாய் போன பின் பிறந்தவன். அவனும் அழமாட்டானாம். பல் முளைத்ததும் தன் நாக்கையே கடித்துக்கொண்டான். ஒருநாள் அடுப்புத் தணலைக் கையில் அள்ளி விளையாடினான். புண் ஆறாமலே போய்விட்டான். காய்ச்சல் என்று ஊரில் சொன்னார்கள். உங்களுக்கும் அப்படியே எழுதிப் போட்டார்களாம். உங்கள் அக்கா, என் அம்மா, கண்மூடும்போதுதான் என்னிடம் உண்மையைச் சொன்னாள்.

இசக்கியை அடுப்புப் பக்கம் விடாதீர்கள். தினமும் கை கால்களைப் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். வடிவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்.

உங்கள் மருமகன்
கணேசபாண்டியன்


தாராவி
26-3-1944

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை வடிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். எனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும். எழுத்துக் கூட்டிச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கும். வடிவுக்குத் தெரிய வேண்டாம் என்பது கடைசி வரியாக இருந்தது. அதையும் படித்துவிட்டேன்.

அவள் அழவில்லை. பிள்ளையின் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். தீய்ந்த வடு.

"கங்கு கீழ கெடந்துச்சு. அது மேல நின்னுக்கிட்டுச் சிரிச்சாய்யா. வாடை அடிச்சுத்தான் திரும்பிப் பாத்தேன். காது குத்துறப்பவாவது அழுவாளான்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். வலியைக் கொண்டுபோகிற நரம்பு இவளுக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லையாம். மருந்து கிடையாதாம். கண் பார்வையிலேயே வைத்திருங்கள் என்றார்.

சிவப்பாக எதைக் கண்டாலும் கத்த வேண்டும் என்று வடிவு அவளைப் பழக்குகிறாள். நேற்றுத் தாயின் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்து "ஆ, ஆ" என்று கத்தினாள். நாங்கள் சிரித்தோம். அப்புறம் வடிவு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் எழுதச் சொன்னது: இனி என்னிடம் எதையும் மறைக்க வேண்டாம், லீவு கேட்டு வாருங்கள்.

முன்பெல்லாம் பேத்தி சிரித்தால் நானும் சிரிப்பேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டாலே பென்சிலைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். வடிவு குழாயடிக்குப் போயிருக்கிறாள். அடுப்புப் பக்கம் இசக்கி சிரிக்கிறாள்