சாட்சி சொன்ன ஞாயிறு

சிங்கப்பூர், ஞாயிறு இரவு.

இன்று சபையில் சாட்சி சொன்னேன். குடித்ததையும், கட்டினவளை அடித்ததையும், கர்த்தர் என்னைத் திரும்ப எடுத்துக் கட்டியதையும் மைக்கில் அழுதுகொண்டே சொன்னேன். "மகிமை அவருக்கே" என்று முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பாஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

என் மனைவி ஸ்டெல்லாவும் நானும் ரயிலில் செங்காங் வந்து சேர்ந்தோம். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட்டுக்காக நிற்கும்போது கேட்டாள்.

"அத்தனை பேர் முன்னால மன்னிப்புக் கேட்டீங்க. அடி வாங்குனது நான் லா. என்கிட்ட எப்போ கேப்பீங்க?"

லிஃப்ட் திறந்தது. உள்ளே பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். நல்லவேளை என்று நினைத்தேன்.

சாப்பிட்டதும் ஆராதனையின் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். கண்ணைத் துடைப்பதற்கு முன்னால் கேமரா எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கிறேன். நன்றாகத் தெரிகிறது. மகிமை யாருக்காம்! அதையும் மூன்று தடவை பார்த்தேன்.

ஸ்டெல்லா இன்னும் தூங்கவில்லை. அறையில் புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது. எழுந்து போனால் பத்தடி. சொல்ல வேண்டியது இரண்டு வார்த்தை. நான் இங்கே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.