மங்கோலியப் பாட்டும் இவர் குரலும்

ஜூலை 15, செவ்வாய்.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து இவருக்குப் பேச்சில்லை. ஏழு மாதம் ஆகிறது. மாதா பாட்டு, சினிமாப் பாட்டு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல தினமும் ‘அ’ சொல்லிக் காட்டுகிறேன். கண் மட்டும் அசையும்.

மகள் ஜெர்மனியிலிருந்து நாட்டுப்புற இசையோடு மின் கிட்டாரும் டிரம்ஸும் இடிக்கும் அவளுடைய ஃபோக் மெட்டல் பாட்டுகளை அனுப்பியிருந்தாள். தனுவச்சபுரம் கல்லூரியில் படித்த காலத்தில் இவற்றுக்காகத்தான் இவரிடம் அத்தனை திட்டு வாங்கினாள். மாலையில் போட்டேன். பின்லாந்துப் பாட்டில் இடிக்கு நடுவே ஒரு பிடில் அழுதது. அயர்லாந்துக் குழலைக் கேட்டதும் சாவு வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது. இவர் அசையவில்லை. மங்கோலியப் பாட்டில் ஒருவன் அடித்தொண்டையில் உறுமினான். உடனே இவரும் உறுமினார், அதே சுருதியில்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஜெபமாலையோடு ஓடி வந்தாள்.

“டீச்சரே, சாருக்கு மூச்சு இழுக்குதா?”

“இல்ல மக்கா, பாடுறாராக்கும்.”

“இதா பாட்டு? நான் நல்லா பேடிச்சுப் போனேன்!”

அவள் பயம் தெளிந்ததும் இருவரும் சிரித்தோம். பாட்டை நிறுத்தினேன். இவர் நிறுத்தவில்லை. கையைப் பிடித்துக் கூப்பிட்டேன், என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பா பாடினார் என்று மகளிடம் போனில் சொன்னேன். அழுதாள். அது அப்பாவின் குரலாக இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

இப்போது அடுத்த அறையில் மறுபடியும் உறுமுகிறார். பாட்டு எதுவும் ஓடவில்லை. என் ‘அ’வுக்கு இவர் வரவில்லை. ஸ்டெல்லா வீட்டில் விளக்கு அணைந்ததும், அந்த உறுமலை நானும் பழகிப் பார்க்க வேண்டும்.