கதவு மட்டும் இருந்த லிஃப்ட்

என் வாயாடித் தங்கச்சி கலைக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுத என்ன இருந்தது? கோவில்பதாகை வீட்டில் மோட்டார் ரிப்பேர், அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, ஆவடியில் வழக்கம்போல நெரிசல். இதையெல்லாம் உன் போட்டோவுக்கு முன்னால் நின்று அம்மாவே தினமும் ஒப்பித்துவிடுகிறாள். ஆனால் போன மாதம் நடந்ததை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

உன் பல்கலைக்கழகத்துக்கே என்னை மறுபடியும் தணிக்கைக்கு அனுப்பினார்கள். அறிக்கை இன்னும் வெளியே வராததால் பெயரை எழுதவில்லை, உனக்குத் தெரியாத பெயரா அது? இந்தத் தடவை வரவு செலவோடு இன்னொரு வேலையும் சேர்த்திருந்தார்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று செலவழித்த பணம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நேரில் பார்க்க வேண்டுமாம். நேரில்! இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அந்த வார்த்தையை உத்தரவில் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று சொன்னால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். நிர்வாகக் கட்டடத்தில் ஏசி அறை ஒன்றைத் திறந்துவிடுவார்கள். மேசைமேல் பில் கட்டுகள் வரும், கூடவே போண்டாவும் வரும். பில்லில் பொறியாளர் கையெழுத்து இருக்கிறதா, நிதி அலுவலர் கையெழுத்து இருக்கிறதா, ஒப்புதல் ஆணை இருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்த்துவிட்டுப் பச்சைப் பென்சிலால் டிக் போடுவோம். "ஒக்காந்த எடத்துலயே மொத்த காலேஜியும் பாத்துட்டு வந்துட்றியே, நீ பெரிய ஆளுண்ணா" என்பாய். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

முதல் நாள் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவி மையத்தைப் பார்க்கப் போனேன். வாசலில் பெரிய போர்டு, உள்ளே பட்டமளிப்பு விழா நாற்காலிகள் கூரைவரை. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் புத்தகத்தைப் படித்துக்காட்டும் கருவி ஒன்று வாங்கியிருந்தார்கள், அது பீரோவுக்குள் சீல்கூடப் பிரிக்காமல் இருந்தது. சரி, அரசாங்க ஆபீஸ், நாம் பார்க்காததா என்று எழுதிக்கொண்டேன். அதுவரை எனக்குப் பெரிதாக அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள்தான் உன் கட்டடத்துக்குப் போனேன். மூன்றாம் மாடி வரலாற்றுத் துறை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை பார்த்த பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று, இடது காலில் காலிப்பரை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, அறுபத்தாறு படி நீ ஏறின கட்டடம். கீழே பளபளவென்று அதே லிஃப்ட் கதவு. 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று அதே அட்டை. நான் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடும்போதெல்லாம் அந்தக் கதவுக்கு ஒரு சலாம் வைப்பாயே, "இன்னா மாமே, இன்னிக்காவது ஒடம்பு தேவலையா?" என்று.

கதவைத் திறக்கச் சொன்னேன். சாவி இல்லை என்றார்கள். மறுநாள், டெக்னீஷியன் லீவு என்றார்கள். அதற்கு மறுநாள் நான் யாரையும் கேட்காமல் போய் நின்றேன். வாசலில் இருந்த செக்யூரிட்டிக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சார், அதுக்கு சாவியே கெடையாது. தள்னா தொறந்துக்கும்."

இரண்டு விரலை விட்டுத் தள்ளினார். திறந்துகொண்டது. உள்ளே பழைய விடைத்தாள் கட்டுகள், துடைப்பம், பினாயில் கேன். மேலே அண்ணாந்து பார்த்தேன். சிமென்ட் தளம். ஐயோ கலை, மேல்மாடிக்குப் போக அங்கே ஓட்டையே போடவில்லை! கூண்டு இல்லை, கயிறு இல்லை, ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு மாடியிலும் சுவரில் கதவை மட்டும் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"இன்னா சார் இப்டி வேர்க்குது ஒங்களுக்கு? இதுல லிஃப்ட்டு எங்க கீது? கதவு மட்டுந்தான். என்னிய இங்க மாத்தி ஆறு மாசந்தான் ஆவுது, எனக்கே கூட்ற அம்மா சொல்லித்தான் தெரியும்."

"அந்தம்மா ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா வேல பூடும் சார். அதுவுமில்லாம, யாரு கேட்டாங்க?"

யார் கேட்டார்கள்? உன்னைப்போல எத்தனை பிள்ளைகள் எத்தனை மனு எழுதினீர்கள்! எல்லாவற்றுக்கும் 'பராமரிப்பில் உள்ளது, விரைவில் சரிசெய்யப்படும்' என்று பதில் வந்தது. அடப்பாவிகளா.

அறைக்கு ஓடிவந்து எல்லா வருஷத்துக் கட்டையும் கொண்டுவரச் சொன்னேன். லிஃப்ட் பொருத்தியதற்கு முழுப் பணமும் போயிருக்கிறது. பணி முடிந்ததற்குச் சான்றிதழ் இருக்கிறது, மூடிய கதவின் போட்டோ இருக்கிறது. அதற்கப்புறம் வருஷா வருஷம் பராமரிப்பு. எண்ணெய் போட்டதற்கு, மணி மாற்றியதற்கு. ஒரு வருஷம், உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவரை மீட்டதற்குத் தனிக் கட்டணம்! எதன் உள்ளே? யாரடா மாட்டிக்கொண்டது? என்னோடு தணிக்கைக்கு வந்திருந்த தணிகாசலத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த கட்டைப் பிரித்தேன். கயிறு மாற்றிய பில். இரண்டு கையெழுத்தும் ஒப்புதல் ஆணையும் பக்காவாக இருந்தன. ஓரத்தில் பச்சை டிக். கீழே அதே பென்சிலில் என் சுருக்கொப்பம்.

தூக்கிவாரிப் போட்டது. அந்த நாள் எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. உனக்கு வந்திருக்கும், எனக்கு முன்னாலேயே. முழங்கால் வீங்கி, இந்த வாரத்தோடு நின்றுவிடப்போகிறேன் என்று வீட்டில் நீ சொல்லியிருந்த வாரம் அது. அன்றைக்கு இந்தப் பில் கைக்கு வந்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நீ மூன்றாம் மாடியில் இருந்தாய், நான் எதிர்க் கட்டடத்தில். உடனே போன் போட்டேன்.

"கலை, ஒன் லிஃப்ட்டுக்குக் கயிறு மாத்திட்டாங்க. பில்லு எங்கிட்ட வந்துருச்சு. இனிமே ஓடும், அவசரப்பட்டு நிக்காத."

"நெசமாவாண்ணா? நீயே பாத்தியா?"

"பாத்துட்டேம்மா."

"சரி, நீயே சொல்லும்போது அப்புறம் இன்னா? இன்னொரு வருசம் பாக்கறேன்."

நான் பார்த்தது பில்லை. சாப்பிடக் கீழே வா என்று கூப்பிட்டேன். "எறங்குனா திரும்ப ஏறணும்ணா, நீ துன்னு" என்றாய். பிரியாணி போட்டிருந்தார்கள். உனக்கென்று எடுத்துவைத்ததையும் நானே சாப்பிட்டேன்.

இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஓடும் என்று நீ காத்திருந்த அந்த ஒரு வருஷத்தில்தான், மழை நாளில், இரண்டாம் மாடித் திருப்பத்தில் வழுக்கி விழுந்தாய். இடுப்பெலும்பு விரிசல். நாலு அத்தியாயம் எழுதிய ஆராய்ச்சியைப் பீரோவில் வைத்துப் பூட்டினாய், திரும்ப எடுக்கவில்லை. உன்னைக் கொண்டுபோனது காய்ச்சல்தான், படி இல்லை, டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். ஆனால் படிப்பை உன்னிடமிருந்து பிடுங்கியது யார், கலை? கதவை மாட்டியவன் மட்டுமா?

தணிகாசலம் நல்ல மனுஷன். எனக்காகத்தான் சொன்னான். "சார், ஒங்க டிக்கு கீற வருசத்த வுட்டுடுங்க. அதுக்கு அப்பால இருந்து எழுதிக்கலாம், ஒருத்தனும் கேக்க மாட்டான். ரிட்டயர்மென்ட்டுக்குப் பதினாலு மாசந்தான் கீது. பென்ஷன்ல கைய வச்சிட்டான்னா ஊட்ல இன்னா பண்ணுவீங்க?"

அம்மாவுக்கு இன்சுலின், பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ். நான் யோசித்தேன், கலை. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? பென்சில் டிக்தானே என்று பையிலிருந்து ரப்பரைக்கூட எடுத்துவிட்டேன். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, காற்று வாங்குகிற மாதிரி உன் கட்டடத்துப் பக்கம் நடந்தேன்.

கீழ்ப்படியில் ஒரு பெண் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல். பவித்ராவாம், நசரத்பேட்டையிலிருந்து வருகிறாள், முதல் வருஷம். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், நீங்க லிஃப்ட்டு சரிபண்ண வந்தவரா? எப்ப சார் ஓடும்?"

விரைவில் என்று வாய்வரை வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். எப்படியோ முழுங்கிக்கொண்டு, "லிஃப்ட்டே இல்லம்மா. கதவு மட்டுந்தான்" என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. "நான் டெய்லி அமுக்கிப் பாத்துகினு கீறேனே சார்" என்றாள். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

எங்கள் கேள்வித் தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிப்போம். இடது பாதியில் எங்கள் கேள்வி. வலது பாதியில் பொறுப்பானவர் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொறியாளருக்கு ஒரு தாள் போட்டேன். நிதி அலுவலருக்கு ஒன்று. மூன்றாவது தாளை எனக்கே போட்டுக்கொண்டேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டான்.

இடது பாதியில், 'இந்தப் பில்லை அனுமதித்த தணிக்கையாளர் லிஃப்டை நேரில் பார்த்தாரா?' என்று எழுதினேன். கேள்வி சுலபமாக வந்துவிட்டது. வலது பாதிக்கு இரண்டு நாள் ஆயிற்று. பேனாவில் எழுதினேன்: 'பார்க்கவில்லை. பார்த்ததாக ஒரு மாணவியிடம் சொன்னேன். அவர் அதை நம்பி ஒரு வருடம் படியேறினார். அவர் என் தங்கை.'

மூன்று தாளும் மேலிடத்துக்குப் போய்விட்டன. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பென்ஷன் என்ன ஆகும் என்று தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். அவள் என் முகத்தில் முழிப்பாளா? நீ முழிப்பாயா?

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். இப்படிப்பட்ட குறைகளை, சரிசெய்துவிட்டோம் என்று ஒரு போட்டோவை அனுப்பி முடித்துக்கொள்வார்கள். இதை அப்படி முடிக்க விடமாட்டேன். வேலையில் இருந்தாலும் சரி, வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் சரி, அந்தப் பவித்ரா படியில் கால் வைக்காமல் மூன்றாம் மாடி போய்ச் சேரும்வரை மாதா மாதம் அங்கே போய் நிற்பேன்.

பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லி உன்னை இன்னும் ஒரு வருஷம் படியேற வைத்த
உன் அண்ணன்,
சேகர்