நான் மாற்றிச் சொன்ன ஜப்பான் கதை

என் குருவம்மாவுக்கு,

எங்கே இருந்தாலும் தலையை மூடிக்கொண்டு இரு. வண்டன்மேட்டில் சாரல் பிடித்து ஒன்பது நாளாகிறது. உனக்குத்தான் ஈரக்காற்று ஆகாதே.

இந்த ஆடியோடு நீ போய் ஒரு வருஷம். நம் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கரண்ட் வந்துவிட்டது. அது இந்த எழுபத்தாறில்தான் வரவேண்டும் என்று இருந்திருக்கிறது, போன வருஷமே வந்திருந்தால் நீயும் பார்த்திருப்பாய். பக்கத்து வீட்டு மாடத்தி அக்கா சுவிட்சைக் கும்பிட்டுவிட்டுத்தான் போடுகிறாள். சாயந்திரமானால் ஸ்டோரிலிருந்து ஏலக்காய் காயும் வாசனை முன்போலவே வருகிறது. என் சமையலைப் பற்றி எழுதப்போவதில்லை, நீ சிரிப்பாய்.

வாயனசாலைக்குப் போய் அந்தப் புத்தகத்தை மறுபடியும் எடுத்து வந்திருக்கிறேன். ஜப்பான் கதைகளை மலையாளத்தில் போட்டிருந்தார்களே, அட்டை கிழிந்தது, அதுதான். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

கம்பத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த உனக்கு மலையாளம் கடைசிவரை ஏறவில்லை. நீ படுக்கையில் விழுந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, மலையாளத்தில் ஒரு வரி பார்ப்பேன், தமிழில் ஒரு வரி சொல்வேன். முதல் கதையில் ஒரு நரி குடை பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து சீனி கேட்டது. கடைக்காரன் ஆச்சரியப்படவே இல்லை. நேற்றே தீர்ந்துபோயிற்றே என்றான். எனக்கு எரிச்சல். நரி எப்படிப் பேசும் என்று ஒரு வரி எழுதினால் இந்தக் கதை எழுதினவன் குறைந்தா போவான் என்றேன்.

“ஏங்க, எப்படிப் பேசுறேன்னு கேட்டா நரி அங்கன நின்னுக்கிட்டா இருக்கும்? ஓடிப்போயிராது?” என்றாய். “நீங்க மேல சொல்லுங்க.”

இன்னொரு நாள் கதவுப்பக்கம் கையைக் காட்டினாய். “நம்ம ஊருல பேய்னா ஆங்காரமா வரும், உடுக்கடிச்சாத்தான் போகும். இவுக ஊருல எல்லாம் சும்மா வருது, சும்மா போகுது. இந்தா, கதவத் தொறந்தா மேகம் உள்ள வருது. ஏன் வந்தேன்னு அதை யாராச்சும் கேக்குறமா?”

அந்தக் கதைகளின் ருசி எனக்கு இப்போதுதான் பிடிபடுகிறது. சோறு வெந்தது என்று சொல்லும் அதே குரலில் அதிசயத்தையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நம்பு என்று யாரும் நம் கையைப் பிடித்து இழுப்பதில்லை. உடம்பு முடியாமல் கிடந்த உனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மலையிறங்கிப் போய்க் காட்டினோமே, அந்த டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை உன்னிடம் நான் சொல்லவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். காலையில் ஆளெண்ணி வேலைக்கு அனுப்பும் மஸ்டரில் மேனேஜர் மலையாளத்தில் வைவதையெல்லாம் நான் தமிழில் பதமாக்கிச் சொல்வேன். சோம்பேறிக் கூட்டம் என்று அவர் கத்தினால், “கொஞ்சம் வெரசா காய் எடுங்கம்மா” என்பேன். பதினைந்து வருஷமாக நாக்கு அப்படியே பழகிவிட்டது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்த கதையின் முதல் வரி இது: ‘போன வருஷம் செத்துப்போன மனைவி, மழையில் நனைந்தபடி வீட்டுக்கு வந்தாள்.’ நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். நாக்கு என்னைக் கேட்கவே இல்லை. “பொறந்த வீட்டுக்குப் போயிருந்த பொண்டாட்டி நனைஞ்சுக்கிட்டு வந்தா” என்று சொல்லிவிட்டது. முதல் வரியை மாற்றிய பிறகு மற்றதையும் அதற்குத் தோதாக மாற்றிக்கொண்டே போனேன்.

நீ உதட்டைப் பிதுக்கினாய். “இதுல என்னா இருக்கு? பொறந்த வீட்டுக்குப் போனவ வராம எங்கிட்டுப் போவா? இந்தப் புஸ்தகத்துலயே இது ஒண்ணுதான் நல்லால்ல.”

நான் சிரித்தேன், குருவு. தப்பித்தோம் என்று நினைத்துச் சிரித்தேன்.

மூன்று நாள் கழித்து, கஞ்சி கொடுக்கும்போது நீயாகவே கேட்டாய். “ஏங்க, நரி வருது, மீனு பேசுது. செத்தவுக யாரும் அதுல வரலியா?”

“இல்ல. அந்தப் பேச்செல்லாம் இப்ப எதுக்கு? கஞ்சியக் குடி” என்றேன்.

நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அடுத்த வியாழக்கிழமை போய்விட்டாய். அன்றைக்கு என்ன கேட்க வந்தாய்? திரும்பி வர வழி உண்டா என்றா? இல்லை, நான் வருவேன், பயந்துவிடாதீர்கள் என்று என்னிடம் சொல்ல வந்தாயா? டாக்டர் சொன்னது உனக்கும் தெரிந்துதான் இருந்ததா?

உள்ளதை உள்ளபடி இப்போது சொல்கிறேன், கேள். செத்துப்போனவள் வருகிறாள். புருஷன் துண்டை எடுத்துக் கொடுத்து, குடை இல்லாமலா வருவது என்று கடிந்துகொள்கிறான். அவள் அடுப்போரம் உட்கார்ந்து ஒரு கிண்ணம் சோறு சாப்பிடுகிறாள். முள்ளங்கி கொடுக்க வந்த அடுத்த வீட்டுக்காரி அவளைப் பார்த்து, கண்டு ரொம்ப நாளாயிற்றே என்கிறாள், அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மழை விட்டதும் அவள் எழுந்திருக்கிறாள். படி வழுக்கும், பார்த்துப் போ என்கிறான் அவன். அடுத்த மழைக்கும் வருகிறாள். அவ்வளவுதான் கதை. அதில் ஒருவரும் அழவில்லை. நான்தான் மூன்று தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

உனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கும். உனக்குப் பிடித்திருக்கவேண்டிய ஒன்றை நானே கெடுத்துவிட்டேன். உனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன் என்பது எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நமக்குப் பிள்ளை இல்லாததால் சுடுகாட்டில் குடத்தை நானே சுமந்து சுற்றி வந்து உடைத்தேன். உன் அண்ணன் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். “திரும்பிப் பாக்காம நடங்க மாப்ள. பாத்தா தங்கச்சி பின்னாலயே வந்துரும்” என்றார். நானும் நல்ல பிள்ளையாக நடந்தேன். அங்கிருந்து லயம் வரைக்கும் ஒன்றரை மைல், வழியெல்லாம் மழை. நீ வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரு தடவை கூடத் திரும்பாமல் வந்து சேர்ந்தேன்.

இனிமேல் அப்படி நடக்கமாட்டேன், இது சத்தியம். மஸ்டருக்குப் போனாலும் ரேஷன் கடைக்குப் போனாலும் பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போவேன். ஆட்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். உனக்கு மூச்சு வாங்கும், அவசரப்படாதே. நான் நின்று நின்று நடக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்,
தங்கராசு