ஹிபா என்று நீ அனுப்பிய காகிதம்

மட்டாஞ்சேரி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஷாபாஸுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கை நிஸாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், அங்கே கனடாவில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஐந்து நேரமும் துஆச் செய்கிறேன், நலம் விசாரிப்பது இத்துடன் முடிந்தது, இனி வருவதெல்லாம் கோபம். போனில் சொன்னால் மீட்டிங் இருக்கிறது உம்மா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. தமிழ் படிக்க வராது என்று சாக்குச் சொல்லாதே, எழுத்துக் கூட்டியாவது படி, மெதுவாகப் படித்தால்தான் நன்றாக உறைக்கும்.

போன வாரம் கூரியரில் உன் காகிதம் வந்தது. வீடு சம்பந்தமாகச் சும்மா ஒரு பார்மாலிட்டி, பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு இடப்பள்ளி வக்கீலிடம் கொடுத்துவிடு என்றாய். மகன் சொல்கிறானே என்று கண்ணாடிகூடப் போடாமல் இரண்டு இடத்தில் போட்டேன், பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு மலையாளம் பேசத்தான் வரும், படிக்க வராது, அது தெரிந்துதான் மலையாளத்தில் அனுப்பினாயா? மூன்றாவது பக்கத்தில் நிஸா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஹிபான்னு போட்டிருக்கு உம்மா, வீட்டை அண்ணனுக்குக் கொடுத்தாச்சாம் என்றாள், அதற்குமேல் வாசிக்க முடியாமல் அழுதுவிட்டாள்.

காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு நேரே சேவியரிடம் போனேன், உன் வாப்பா இந்த வீட்டை என் பேரில் வாங்கியபோது பத்திரம் எழுதியவர். அவர் முழுக்கப் படித்துவிட்டு, உம்மா இப்போ எவிடெ தாமசம் என்று கேட்டார். வேறெங்கே, அதே வீட்டில்தான், சாளை மீன் கழுவி வைத்துவிட்டு வருகிறேன் என்றேன். அப்படின்னா இந்தக் காகிதம் பொய் பறையுது, நீங்க சாமானோட வீட்டை விட்டு இறங்கிச் சாவியும் மகன்கிட்ட கொடுத்தாச்சுன்னு இதிலே எழுதியிருக்கு என்றார். ஹிபா என்பது பழைய ஷரீஅத்துச் சட்டச் சொல்லாம். தருகிறேன் என்று நான் மனதாரச் சொல்ல வேண்டும், பெற்றுக்கொண்டேன் என்று நீ சொல்ல வேண்டும், பிறகு பொருள் கைமாற வேண்டும், குடியிருப்பவள் கொடுத்தால் சட்டிபானையோடு வாசலை விட்டு இறங்கினால்தான் அது ஹிபாவாம். ஒரு கிறிஸ்தவர் நம் சட்டத்தை எனக்கு விளக்குகிறார், நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நிற்கிறேன், வெட்கமாக இல்லையாடா உனக்கு? பள்ளிவாசல் உஸ்தாதிடமும் கேட்டேன். பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்காமல் கொடுப்பதுதான் அரபியில் ஹிபாவாம், அல்லாஹ்வின் திருநாமம் வஹ்ஹாபும் அதே வேரில் வந்ததாம். உன் வாப்பா அப்துல் வஹாப் பெயருக்கேற்றபடி கொடுத்துவிட்டுப் போனார், நீ அதே வார்த்தையை எடுத்துப் பெற்றவளை ஏமாற்றப் பார்க்கிறாய்.

என் காலத்துக்குப் பிறகு ஷரீஅத்துப்படி உனக்கு இரண்டு பங்கு, நிஸாவுக்கு ஒரு பங்கு. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தையல் மெஷினை மிதித்துப் பிழைக்கிறவளின் அந்த ஒரு பங்கும் உன் கண்ணை உறுத்துகிறதா? வேண்டுமென்றால் நேராகக் கேட்பதற்கென்ன, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? போன மாதம் கடல் பொங்கிய வேலியேற்றத்தில் காயல் தண்ணீர் சமையலறை வரை ஏறிவிட்டது, பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் எங்க மாடிக்கு வந்துருங்கம்மா என்று கெஞ்சினாள், கட்டில்மேல் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்தேனே தவிர வாசல்படி இறங்கவில்லை. தண்ணீருக்கு இறங்காதவளை நீ காகிதத்தில் இறக்கிவிட்டாய்.

உன் காகிதத்தை நான் கிழிக்கவில்லை. என் நாலு புடவையோடும் தொழுகைப் பாயோடும் பெட்டியில் வைத்திருக்கிறேன். நீ வா. அக்கம்பக்கம் பார்க்கத் தெருவில் நின்று, இறங்கு உம்மா என்று உன் வாயால் சொல். நான் பெட்டியோடு இறங்கிச் சாவியை உன் கையில் வைக்கிறேன், நிஸா தையல் மெஷினோடு என் பின்னால் இறங்குவாள். அன்றைக்குத்தான் அது ஹிபா.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், இந்த துஆவுக்குக் காகிதம் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். அங்கே பனி கொட்டுகிறதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. டிக்கெட் எடுத்ததும் சொல், சாளை வாங்கி வறுத்து வைக்கிறேன், தின்றுவிட்டு அப்புறம் என்னை இறங்கச் சொல்.

வீட்டுக்குள் இருந்தே எழுதும் உன் உம்மா,
ஹாஜரா