ட்ரெயிலரின் ஒழுகாத தரை

இன்று காலை எங்கள் கட்டடத்தைப் பராமரிப்பவர் வந்து, குளியல் தொட்டியின் ஓரத்துக்குப் புதிதாகச் சிலிக்கோன் பூசிவிட்டுப் போனார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாதாம். வீடெங்கும் வினாகிரி மணம். அந்தப் பசை இறுகும்போது வெளிவரும் அமிலம்தான் அப்படி மணக்கிறது என்று எனக்குத் தெரியும். பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவளுக்கு அது பெரிய அறிவில்லை. ஆனாலும் ஜன்னலைத் திறக்க மனம் வரவில்லை. குளியலறை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். உம்முடைய ட்ரெயிலரும் அந்தக் கோடையில் இப்படித்தான் மணத்தது.

இறந்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்று நம்புகிறவள் அல்ல நான். "காலநிலை அறிக்கையையே நம்பாத ஆள் நீர்" என்று என்னைப் பகிடி பண்ணுவீர். உண்மைதான். இருந்தாலும் எழுதுகிறேன். உம்மைப் பற்றி மற்றவர்களோடு கதைக்க எனக்கு வருவதில்லை.

பிரெஞ்சு வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த நாளிலிருந்து இருபத்தைந்து வருடம் நாம் ஒருவரையொருவர் 'நீர்' என்றே அழைத்தோம். இரண்டு பேரும் அதை மாற்ற நினைத்ததில்லை. நீர் கலியாணம் செய்து ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் புரோசார்டுக்குப் போனீர். நான் தனி ஆளாக நகரத்துக்குள்ளேயே இருந்தேன். உம்முடைய கணவர் பாலன் அண்ணை அந்தப் பழைய ட்ரெயிலரை, காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் அந்தச் சின்ன வீட்டை, வாங்கி வந்த வருடத்திலிருந்து ஆவணி மாதம் வந்தால் என்னையும் ஏற்றிக்கொண்டுதான் புறப்படுவீர்கள். கடைசி இருக்கையில் நானும் குளிர்ப்பெட்டியும்.

அதன் தரையை உக்க வைத்தது நாம் இருவரும்தான். இதை அண்ணையிடம் நீர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பயணம் முடிந்து வந்ததும் வாசலில் நிறுத்தி, அந்தக் குட்டிக் குளியலறைக்குள் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, டெற்றோலும் தெளித்து, உரஞ்சிக் கழுவுவீர். நான் தும்புத்தடியால் தள்ளுவேன். எங்கள் வீடுகளில் குளியலறையை வேறெப்படிக் கழுவுவது? ஆனால் அந்தத் தரையில் தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை. நான்கு வருடமாக அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று நீர் கேட்கவில்லை. வேலையிடத்தில் நாளெல்லாம் தண்ணீரைச் சோதிக்கிற நானும் கேட்கவில்லை. மேலே விரித்திருந்த வைனில் விரிப்பின் ஓரத்தால் இறங்கி, கீழே இருந்த பிளைவுட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது.

அது தெரியவந்தது உம்முடைய சத்திரசிகிச்சைக்குப் பிறகு வந்த வசந்தத்தில். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து முடித்திருந்தார்கள். அதன்பின் கழிப்பறை எட்டாத இடத்தில் உம்மால் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தினீர். கடைக்குப் போவதை நிறுத்தினீர். பிறகு வீட்டுக்கு ஆட்கள் வருவதும் பிடிக்காமல் போனது. ஆஸ்பத்திரியையும் உங்கள் வரவேற்பறைச் சோபாவையும் தவிர ஒரு வருடமாக நீர் எதையும் பார்க்கவில்லை. ஒருநாள் திடீரென்று சொன்னீர்:

"ட்ரெயிலரிலை போகலாம். அதுக்குள்ளை ரொயிலற் இருக்கே. கையோடை கொண்டு போறமாதிரி."

"எங்கை போக?"

"கடல் பாக்க. இன்னொருக்கால் பாக்க வேணும்."

இன்னொருக்கால் என்பதை நீர் சாதாரணமாகத்தான் சொன்னீர். மருத்துவர் என்ன சொல்லியிருந்தார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அண்ணை போய்ப் பார்த்தார். கழிப்பறை ஒரு பக்கம் சரிந்து நின்றது. கால் வைத்தால் தரை அமுங்கியது. திருத்துகிறவரை வரவழைத்தோம். அவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தரையைக் குத்தினார். அது பிடிவரை இறங்கிவிட்டது. "இதோடு மினக்கெடாமல் வேறொன்று வாங்குங்கள், மதாம்" என்று பிரெஞ்சில் சொன்னார். கட்டாயம் திருத்தத்தான் வேண்டுமென்றால் ஒக்டோபரில் நேரம் இருக்கிறதாம்.

"ஒக்டோபரிலை நான் இருப்பனோ எண்டு அவரிட்டைக் கேளும்" என்றீர்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?" என்று அண்ணை உள்ளே போய்விட்டார்.

நான்தான் செய்கிறேன் என்று எப்படிச் சொன்னேனோ தெரியாது. வாழ்க்கையில் ஒரு குழாயைக்கூடக் கழற்றியறியாதவள். அடுத்த சனிக்கிழமை பழைய ஜீன்ஸோடு வந்து தண்ணீரைப் பூட்டி, குழாயைக் கழற்றி, துருப்பிடித்த இரண்டு நட்டுகளோடு அரை மணி நேரம் சண்டை பிடித்தேன். நீர் படிக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்து ஒவ்வொரு சாமானாக எடுத்துத் தந்தீர்.

"கெமிஸ்ட்ரி படிச்ச மனுசி கக்கூசுக்கை தலையை விட்டுக்கொண்டு நிக்கிறா. ஒரு படம் எடுக்கட்டோ?"

"எடுத்தீரெண்டால் நான் இப்பவே வீட்டை போறன்."

"போம். முதல் அதைத் தூக்கிப்போட்டுப் போம்."

தூக்கினேன். அதன் அடியில் இருந்த பலகை கையோடு வந்தது. நீர் எட்டிப் பார்த்து, "ஐயோ, புட்டு மாதிரி உதிருது" என்றீர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவருக்குச் சொல்லாதையும்" என்றீர். வீட்டு ஜன்னலில் நின்ற அண்ணை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

அதற்கடுத்த சனிக்கிழமை உக்கிய பகுதியை மரம் அரியும் வாளால் சதுரமாக வெட்டி எடுத்தோம். அடியில் இருந்த சட்டங்கள் நல்லகாலம் திடமாக இருந்தன. புதுப் பிளைவுட் துண்டை அளந்து வெட்டினேன். முதல் துண்டு ஒரு விரலளவு சின்னனாகிவிட்டது. இரண்டாவது பொருந்தியது. ஈரம் புகாத பெயின்ற் இரண்டு பூச்சுப் பூசிக் காயவிட்டோம். புதிய கழிப்பறை பெட்டியோடு வாசலில் இருந்தது. அதை வைத்து இறுக்குவதற்கு முன், நான் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்ததைச் சொன்னேன்.

"பாரும், இனி இதுக்குள்ளை தண்ணி கூடாது. வாளியும் வேண்டாம், பூவாளியும் வேண்டாம். ஈரத்தாள் இருக்கு, அதாலை துடைக்கலாம்."

பூச்சாடிக்குத் தண்ணீர் விடும் அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் பூவாளி, இங்கே எங்கள் ஆட்களின் எந்த வீட்டுக் கழிப்பறையிலும் இருக்கும். நீர் அதை ட்ரெயிலருக்குள்ளும் வைத்திருந்தீர். நான் சொன்னதைக் கேட்டதும் நீர் எழும்பி, கதிரையைக்கூட மடக்காமல் உள்ளே போனீர். அண்ணை தேநீர் கொண்டுவந்து தந்தார். "நாளைக்கு வாங்கோ தங்கச்சி, அவ களைச்சுப்போனா" என்றார்.

அடுத்த நாள் நான் அழைத்தபோது நீர் தொலைபேசியை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இரண்டு பலகைத் துண்டுகளைப் பொருத்துவதுபோல, தண்ணீர் தரையை உக்கவைக்கும் என்ற என் நியாயத்தையும் உம்முடைய கோபத்தையும் நான் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்ததும் மெட்ரோ எடுத்து லொங்குய்யில் இறங்கி, பஸ்ஸில் வந்தேன். நீர் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர். திரும்பாமலே சொன்னீர்:

"ஆஸ்பத்திரியிலை ஆறு கிழமை, ஒண்டரை மாசம், கிடந்தனான். நேர்ஸ்மார் நல்ல பிள்ளையள். ஒரு நாளும் முகம் சுழிச்சதில்லை. ஆனால் எல்லாரும் துடைச்சவை. ஒருத்தரும் கழுவேல்லை. ஆறு கிழமை எனக்கு என்னைக் கண்டாலே அருவருப்பு. நீரும் துடைக்கச் சொல்லுறீர்."

தரை சரியாக இருக்கிறதா என்றுதான் நான் இரண்டு சனிக்கிழமையும் பார்த்திருக்கிறேன். யாருக்காக அந்தத் தரை என்பதைப் பார்க்கவில்லை.

அதனால் மூன்றாவது சனிக்கிழமையும் தேவைப்பட்டது. புதுத் தரையை ஒரு மூலைப் பக்கம் சற்றுச் சரிவாக்கினேன். அந்த மூலையில் துளை போட்டு, கழுவுநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயோடு இணைத்தேன். வைனில் விரிப்பைச் சுவரோடு ஒரு சாண் உயரத்துக்கு மடித்து ஏற்றி, ஓரமெல்லாம் சிலிக்கோன் பூசினேன். கழிப்பறையின் அடியில் புது ரப்பர் வளையம் வைத்து இறக்கி, நட்டுகளை ஒரு பக்கமும் கூடாமல் மாறி மாறி இறுக்கினேன். பக்கத்துச் சுவரில், உமக்குக் கழுவ, கையால் அமத்தும் தண்ணீர்க் குழாய் ஒன்று பொருத்தினேன். பசை காயும்வரை பொறுத்திருந்து, மறுநாள் நீரே வாளியைத் தூக்கி வந்தீர். நான் ட்ரெயிலருக்கு அடியில் டோர்ச்சோடு மல்லாந்து படுத்தேன்.

"ஊத்துறன்!"

"ஊத்தும்."

தலைக்கு மேல் தண்ணீர் விழுந்து ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்ன, ஒழுகுதோ?"

"இல்லை."

"வடிவாய்ப் பாரும். பேந்து என்னைக் குறை சொல்லக்கூடாது."

"ஒரு சொட்டும் இல்லையப்பா!"

மேலே நீர் சிரிப்பது கேட்டது. அதற்குப் பிறகு இன்னும் ஒரு வாளி, தேவையே இல்லாமல், சும்மா ஊற்றினீர்.

ஆவணியில் புறப்பட்டோம். அண்ணை ஓட்டினார். அரை மணிக்கொரு தடவை வீதியோரத்தில் நிறுத்தினோம். நீர் பின்னால் போய் வருவீர். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. ஆறு கடலாகிவிடும் காஸ்பே வரைக்கும் போவதாகத்தான் திட்டம். ரிமுஸ்கியைக் கடந்து கொஞ்சத் தூரத்தில் உமக்கு ஏலாமல் போனது. ட்ரெயிலர்கள் நிறுத்தும் ஆற்றங்கரை முகாம் ஒன்றில் நிறுத்தினோம்.

"இது இன்னும் ஆறுதான்" என்றேன். அந்த இடத்திலும் எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீர் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தீர். "உப்புக் கரிக்குது. அங்காலைக் கரையும் தெரியேல்லை. எனக்கு இது காணும், இனி வேறை வேண்டாம்."

மறுநாள் பின்னேரம் அண்ணை பாண் வாங்கப் போயிருந்தார். உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டீர். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர். உடுப்பெல்லாம் அழுக்காகியிருந்தது. குழாயைப் பிடிக்கக் கையில் பலம் இல்லை.

"உமக்குக் கூச்சமில்லையே?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு. சரி, ஊத்தும்."

நான் மனிதர்களைத் தொட்டுப் பழகுகிறவள் அல்ல. இருபத்தைந்து வருடத்தில் உம்மைக் கட்டிப்பிடித்தது இரண்டு தடவையோ மூன்று தடவையோ. அந்தத் தரையில் முழந்தாளிட்டு, தண்ணீரை என் கையில் விட்டுச் சூடு பார்த்து, சவர்க்காரம் போட்டு, இடுப்பிலிருந்து பாதம்வரை உம்மைக் கழுவினேன். விழுந்துவிடாமல் இருக்க நீர் ஒரு கையை என் தலையில் ஊன்றியிருந்தீர். உம்மிடம் மிஞ்சியிருந்த பாரம் அவ்வளவும் அந்தக் கையில் இருந்தது. தண்ணீர் மூலைக்கு ஓடிப்போனது. கழுவி முடிந்த பிறகும் நீர் கையை உடனே எடுக்கவில்லை. நானும் எழும்பவில்லை.

பிறகு வெளுத்த பருத்திச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கதிரையில் இருந்து, இருட்டும்வரை தண்ணீரைப் பார்த்தீர். அண்ணை வந்ததும், "எனக்குப் பசிக்குது" என்றீர். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

மாசியில் நீர் போனீர். மரணச்சாலையில், பெட்டிக்குப் பக்கத்தில் எண்ணெயும் அரப்பும் தட்டில் வைத்திருந்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து, தொட்டு, உம்முடைய தலையில் வைத்துப் போனார்கள். குளிப்பாட்டுவதற்குப் பதிலாக இங்கே அவ்வளவுதான் செய்யலாம். உம்முடைய மச்சாள் வந்து, "நீங்களும் வாங்கோ, உங்களை மாதிரி ஆர் அவவுக்கு?" என்று கூப்பிட்டார். நான் வேண்டாமென்று தலையாட்டிவிட்டுப் பின்வரிசையிலேயே நின்றேன். சடங்கில் நம்பிக்கை இல்லாதவள் என்று நினைத்திருப்பார்கள். படித்த திமிர் என்றும் சொல்லியிருப்பார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை.

எல்லோரும் உம்முடைய தலையைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம், உம்முடைய கை என் தலையில் இருந்தது. இப்போதும் எடுக்கவில்லை நீர்.